ஆண்டுக்கு ஒரு நூல், நாளுக்கு மூன்று அதிகாரம்

தவக்காலத்தின் தொடக்க நாட்கள். கேன்டர்பரி மடத்தின் கூட்ட அறையில் தரையில் விரிப்பை விரித்து, மடத்து நூல்களை அதன்மேல் எடுத்து வைப்பார் நூலகப் பொறுப்பிலிருக்கும் துறவி. சென்ற ஆண்டு தமக்குத் தரப்பட்ட நூலைக் கையில் ஏந்தியபடி மற்றத் துறவிகள் உள்ளே வருவார்கள். பட்டியலில் பெயர் வாசிக்கப்பட்டதும் அவரவர் தம் நூலைத் திருப்பித் தர வேண்டும். முழுவதும் வாசிக்காதவர் தரையில் விழுந்து பணிந்து, தம் குறையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பார். அதன்பின் வரும் ஆண்டுக்கான நூல் ஒவ்வொருவர் கைக்கும் போகும். ஆளுக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று. பேராயர் லான்ஃபிராங்க் 11ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்த மட ஒழுங்குகளில் இந்த நிகழ்ச்சி இப்படித்தான் விவரிக்கப்பட்டிருக்கிறது.

இன்று கைப்பேசியைத் திறந்தால் ‘ஓராண்டில் முழு வேதாகமம்’ என்ற அட்டவணை கிடைக்கும். சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66 நூல்கள், 1,189 அதிகாரங்கள். கணக்குப் போட்டால் நாளுக்கு மூன்று அதிகாரத்துக்கும் சற்று அதிகம். தொடர்ந்து எத்தனை நாள் வாசித்தோம் என்று செயலியே எண்ணிச் சொல்லும். மடத்துத் துறவி ஓராண்டு முழுவதும் ஒரே நூலோடு இருந்தார். நாம் காப்பி ஆறுவதற்குள் லேவியராகமத்தில் மூன்று அதிகாரம் தாண்டிவிடுகிறோம்.

இன்றைய வாசகரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாளுக்கு மூன்று அதிகாரம் வாசிப்பவருக்கு வேதத்தின் நீள அகலம் தெரியும். அது பெரிய செல்வம். ஆனால் கிறிஸ்தவ மரபில் இன்னொரு வாசிப்பும் உண்டு. லத்தீனில் லெக்சியோ திவினா என்பார்கள். தமிழில் இறைவாசிப்பு என்று சொல்லலாம். சிறிய பகுதி ஒன்றை எடுத்து, மெதுவாக, திரும்பத் திரும்ப, பேசுகிறவர் எதிரில் இருக்கிறார் என்ற உணர்வோடு வாசிப்பது. அந்த வாசிப்பிலிருந்தே ஜெபத்துக்குள் போவது. சுமார் 1,500 ஆண்டுகளாக இந்தப் பழக்கம் எங்கெங்கே வாழ்ந்தது, எங்கே ஒதுங்கியது, இப்போது எந்த உருவில் திரும்பி வந்திருக்கிறது என்று தேடிப் படித்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. அன்று இதைத் தாங்கி நின்றவை மூன்று: குரல், நேரம், கூட இருந்த மனிதர்கள். இன்று முறையை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த மூன்றையும் வாசலிலேயே விட்டுவிட்டோம்.

6ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மோன்தே கசீனோ மலையில் மடம் நிறுவியவர் புனித பெனடிக்ட். அவர் எழுதிய ஒழுங்கின் 48ஆம் அதிகாரம் வேலைக்கும் வாசிப்புக்கும் நேரம் பிரித்துக் கொடுக்கிறது. கோடையில் காலை வேலை முடிந்ததும் நண்பகல் ஜெபம் வரை வாசிப்பு. குளிர்காலத்தில் விடிந்தவுடன் முதலில் வாசிப்பு, பிறகுதான் வேலை. தவக்காலத்தில் அந்த நேரம் இன்னும் நீளும். நாளுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். சமையலும் தோட்ட வேலையும் தாங்களே செய்துகொண்ட மனிதர்களுக்கான ஒதுக்கீடு இது. அதுவும் பகல் வெளிச்சத்தில், உடம்பில் தெம்பு இருக்கும்போது. எல்லா வேலையும் முடிந்து கண் சொருகும் நேரத்தில் மிச்சத்தைக் கடவுளுக்குக் கொடுக்கும் ஏற்பாடாக அவர் இதை வைக்கவில்லை.

அதே அதிகாரத்தில் இரண்டு சிறு குறிப்புகள் எனக்கு மிகவும் பிடித்தவை. வாசிப்பு நேரத்தில் மூத்த துறவிகள் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றிவந்து, யாராவது சோம்பி உட்கார்ந்து பிறரையும் கெடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மதிய ஓய்வில் படுக்கையில் வாசிக்க விரும்புகிறவர் அடுத்தவருக்குத் தொந்தரவு இல்லாமல் வாசிக்க வேண்டும். இந்த இரண்டாவது விதி தேவைப்பட்டதற்குக் காரணம், அன்று வாசிப்பு என்றாலே பெரும்பாலும் வாய்விட்டு வாசிப்பதுதான்.

அக்காலத்து லத்தீன் ஏடுகள் பலவற்றில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. நம் ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. புள்ளியும் இடைவெளியும் இல்லாத வரியை நாவில் வைத்துச் சொல்லிப் பார்த்தால்தான் சொல் பிரியும். கண் தனியாக முன்னால் ஓட முடியாது. நாக்கின் வேகத்துக்கே அது கட்டுப்பட வேண்டும். துறவி உதட்டை அசைத்துச் சொன்னதைத் தன் காதால் கேட்டார். கேட்டது மனப்பாடமாயிற்று. மனப்பாடமானது பிற்பகலில் மண்வெட்டியோடு நிற்கும்போதும் வாயில் வந்தது. வாரத்துக்கு ஒரு முறை 150 சங்கீதங்களும் பாடி முடிக்கப்பட வேண்டும் என்பது பெனடிக்டின் ஏற்பாடு. அப்படியென்றால் பத்து ஆண்டு மடத்தில் இருந்தவர் சங்கீதப் புத்தகத்தை ஐந்நூறு தடவைக்கு மேல் பாடியிருப்பார். அவர் நற்செய்தியில் ஒரு வரியை வாசிக்கும்போது அதற்கு உறவான பத்து வரிகள் தாமாகவே நினைவில் எழும். ஒத்துவாக்கிய அகராதியைத் தேடிப் போக வேண்டியதில்லை. 10ஆம் நூற்றாண்டில் லொரேன் பகுதியின் கோர்ஸ் மடத்தில் வாழ்ந்த யோவான் என்ற துறவி ஓயாமல் சங்கீதம் முணுமுணுத்தது தேனீயின் ரீங்காரம் போல் இருந்ததாக அவருடைய வரலாற்றை எழுதியவர் சொல்கிறார்.

குரல் எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதற்கு மிலான் நகரிலிருந்து ஒரு சாட்சி உண்டு. 380களில் இளம் அகுஸ்தினார் ஆயர் அம்புரோசைப் பார்க்கப் போகிறார். ஆயரின் கண்கள் பக்கத்தின்மேல் நகர்கின்றன. குரலும் நாவும் அசையவில்லை. இதைத் தம் தன்வரலாற்றில் எழுதும் அகுஸ்தினார், அதற்குக் காரணமும் தேடுகிறார். அடிக்கடி கம்மிப் போகும் குரலைக் காப்பாற்றவோ? நிற்பவர் யாராவது இந்த வரிக்கு விளக்கம் சொல்லுங்கள் என்று பிடித்துக்கொள்வார்கள் என்பதாலோ? மௌன வாசிப்பு அன்று யாருமே அறியாத ஒன்றல்ல என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இருந்தாலும் காரணம் தேட வைக்கும் அளவுக்கு அது அகுஸ்தினாரின் கண்ணில் பட்டது.

அந்தக் காலத்தில் எல்லாரும் ஆழ்ந்து வாசித்தார்கள் என்று எண்ணிவிடவும் வேண்டாம். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ், மனச்சோர்வு பிடித்த துறவி எப்படி வாசிப்பான் என்று எழுதி வைத்திருக்கிறார். கொட்டாவி விடுவான், கண்ணைத் தேய்ப்பான், சுவரை வெறிப்பான், மறுபடி கொஞ்சம் வாசிப்பான், இன்னும் எத்தனை ஏடு பாக்கி என்று எண்ணிப் பார்ப்பான், எழுத்து நன்றாக இல்லை என்று குறை சொல்வான், கடைசியில் நூலை மூடித் தலைக்கு வைத்துத் தூங்கிவிடுவான். 1,600 ஆண்டுக்கு முந்தைய இந்தச் சித்திரத்தில் கைப்பேசி மட்டும்தான் இல்லை. அலைபாயும் மனம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நாம் நம்மையே நொந்துகொள்கிறோம், அதற்கு அவசியமில்லை. அவர்களிடமும் அதே மனம்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் மணியும் மூத்தவர்களும் இருந்தார்கள். மடத்துக்கு வெளியே இருந்த பெருந்திரளுக்கோ நூலும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆலயத்தில் காதில் விழுந்ததும், சுவரோவியத்தில் கண்டதுமே அவர்களுடைய வேதம். அதையும் மறக்கக் கூடாது.

12ஆம் நூற்றாண்டில் இரண்டு பாதைகள் பிரிகின்றன. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் கார்த்தூசியத் துறவிகளின் தாய்மடமான கிராந்த் ஷார்த்ரூசின் ஒன்பதாவது தலைவர் இரண்டாம் கிகோ. அவர் தம் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு நாள் கை வேலையில் ஈடுபட்டிருந்தபோது நான்கு படிகள் மனதில் தோன்றின என்கிறார்: வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், கடவுளின் முன்னிலையில் வெறுமனே இளைப்பாறுதல். மண்ணில் ஊன்றி விண்ணைத் தொடும் ஏணி. தூய உள்ளத்தோரைப் பற்றி மலைப்பொழிவில் இயேசு சொன்ன ஒரு வரியை எடுத்து, திராட்சைப் பழத்தைப் பல்லில் வைத்துப் பிழிவது போல அவர் அதைப் பிழிந்து காட்டும் பக்கங்கள் இன்றும் வாசிக்க இனிமையானவை. ஒன்றில்லாமல் மற்றொன்று உதவாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். தியானம் இல்லாத வாசிப்பு வறண்டது. வாசிப்பு இல்லாத தியானம் வழி தவறும். இந்த இரண்டாவது எச்சரிக்கை நம் காலத்துக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கிகோ ஏணியைப் பற்றி எழுதிய காலத்தை ஒட்டியே பாரிஸ் நகரப் பள்ளிகளில் வேதம் பாடநூலாகிக்கொண்டிருந்தது. ஆசிரியருக்கு வேண்டியது தேடி எடுக்கும் வசதி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் வேதத்தை இன்று நாம் அறிந்த அதிகாரங்களாகப் பிரித்தார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. சில பத்தாண்டுகளில், செயின்ட் ஷேர் ஹியூ என்ற தோமினிக்கன் துறவியின் தலைமையில் சொல்லடைவு தயாரானது. அச்சு வந்த பின், 1551இல் ராபர்ட் எஸ்தியேன் தாம் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் வசன எண்களைப் போட்டார். இவை ஒவ்வொன்றும் வேதத்தைக் கற்பவருக்குக் கிடைத்த வரம். இன்று ஒரு நிமிடத்தில் ஒரு வசனத்தை எடுத்துக் காட்டுகிறோம் என்றால் இவர்களுக்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் தேடி எடுக்கும் வசதி கூடக்கூட, தங்கியிருக்கும் பொறுமை குறைந்தது. வேதம் எண்ணிடப்பட்ட துண்டுகளாகக் கிடைத்தது. வாதத்துக்கு வேண்டிய துண்டை உருவிக்கொள்ள முடிந்தது. மெதுவான வாசிப்பு மடத்து மதில்களுக்குள் ஒதுங்கியது.

சீர்திருத்தக் காலம் நூலை மக்கள் கையில் கொடுத்தது. கத்தோலிக்கத் தலைமை அஞ்சியது. தாய்மொழியில் வேதம் வாசிக்க ஆயரின் அல்லது விசாரணை அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும் என்று 1564இல் விதி வந்தது. வேதவாசிப்பு எல்லாருக்கும் உரியது என்ற கருத்தையே 1713இல் திருத்தந்தை 11ஆம் கிளமென்ட் கண்டனம் செய்தார். இந்தப் பக்கத்தைத் தாண்டி ஓடிவிடாமல் நின்று சொல்ல வேண்டும்: தலைமுறை தலைமுறையாகச் சாதாரணக் கத்தோலிக்கர் தங்கள் வேதத்திலிருந்து தள்ளி வைக்கப்பட்டார்கள். அந்த இழப்பு பெரியது.

மறுபக்கத்தில் 1535இல் மார்ட்டின் லூத்தர் தம் நாவிதர் பீட்டருக்காக ஒரு சிறு நூல் எழுதினார். எப்படி ஜெபிப்பது என்று பீட்டர் கேட்டிருந்தார். ஒரு கட்டளையை, ஒரு வரியை எடுத்துக்கொள். அதிலிருந்து ஒரு போதனை, ஒரு நன்றி, ஒரு பாவ அறிக்கை, ஒரு வேண்டுதல் என்று நான்கு இழைகளாகப் பின்னு என்பதே லூத்தரின் வழி. நல்ல எண்ணம் ஒன்று பெருகி வந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதற்கு இடம் கொடு, அங்கே ஆவியானவரே பேசுகிறார் என்றும் சொல்கிறார். கத்தி பிடிக்கும் நாவிதன் கத்தியிலேயே கண் வைத்திருப்பது போல ஜெபிக்கிறவனும் கவனம் சிதறாமல் இருக்க வேண்டும் என்று பீட்டரின் தொழிலிலிருந்தே பாடம் எடுக்கிறார். மடத்துத் துறவியாக இருந்தபோது கற்ற வாசிப்பை லூத்தர் முடிதிருத்தும் கடைக்குக் கொண்டு வந்துவிட்டார். மெதுவாக வாசிப்பது நேரம் நிறைய இருப்பவர்களுக்கான சொகுசு என்று சொல்லும் நண்பர்களுக்கு நான் இந்த நூலைத்தான் காட்டுவேன்.

லூத்தரின் வழியில் வந்த பக்தி இயக்கத்தார் ஜெர்மனியின் ஹாலே நகரில் வலுவாக இருந்தார்கள். வேதத்தை ஜெபத்தோடும் தியானத்தோடும் வாசிக்கும் முறையை எளிய மக்களுக்குக் கற்பித்தவர் அங்கிருந்த ஔகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே. அவரிடம் பயின்ற பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். அங்கேயே 1714-15இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சான புதிய ஏற்பாடு அது. ஹாலேயின் பக்தி தமிழ் வீடுகளுக்குள் நுழைந்த வழி இதுதான்.

நுழைந்து என்னவாயிற்று என்பதைத் திருநெல்வேலிச் சீமையிலும் நாகர்கோவில் பக்கத்திலும் வளர்ந்தவர்கள் அறிவார்கள். விளக்கு வைத்த பின் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், முழங்காலில் ஜெபம். அப்பா ஒரு வசனம், அம்மா ஒரு வசனம், பிள்ளைகள் ஆளுக்கொரு வசனம் என்று அதிகாரம் பாயைச் சுற்றி வரும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் கடைக்குட்டிக்காக எல்லாரும் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பிலேயே வாசிப்பு மெதுவாகிவிடும். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்புவிக்க வேண்டும். எழுத்தே தெரியாத பாட்டிமார் 23ஆம், 91ஆம் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டே முறத்தில் அரிசி புடைப்பார்கள். மோன்தே கசீனோ துறவிகளிடம் இருந்த மூன்றும் இங்கே இருந்தன. குரல் இருந்தது, விளக்கு வைக்கும் நேரம் இருந்தது, வீட்டார் இருந்தார்கள். பாட்டிக்கு லெக்சியோ திவினா என்ற பெயர் தெரியாது. ஆனால் சங்கீதம் அவர் எலும்பு வரை இறங்கியிருந்தது. தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் அந்த இடத்தைச் செபமாலை பிடித்திருந்தது. நற்செய்தியின் காட்சிகளை மறையுண்மைகளாக ஒவ்வொன்றாக நினைத்து, திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தச் செபமும் தியானத்தின் ஒரு வழிதான். வேத நூல் கைக்கு வர நாளாயிற்று.

அது வந்தது 20ஆம் நூற்றாண்டில். மடத்து வாசிப்பு எவ்வளவு செழிப்பானது என்பதை லக்சம்பர்க்கின் கிளேர்வோ மடத்துத் துறவி ஜான் லெக்லெர்க் 1957இல் வெளியான தம் நூலில் கல்வி உலகுக்கு நினைவூட்டினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறை வெளிப்பாடு பற்றிய ஏட்டில், கிறிஸ்தவர் எல்லாரும் வேதத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும், வாசிப்போடு ஜெபமும் சேர வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. இரண்டரை நூற்றாண்டுக்கு முன் கண்டிக்கப்பட்டது இப்போது கடமையாயிற்று. தமிழில் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. காவிரிக் கரையில் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் ஜூல் மொன்ஷானும் ஆன்றி லெ சோவும் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமத்தில், பெனடிக்டின் மரபு காவியுடுத்தித் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தது.

மிலான் நகருக்கே திரும்பவும் போக வேண்டியிருக்கிறது. 1980இல் அங்கே பேராயராக வந்தவர் கார்லோ மரியா மார்த்தினி. இயேசு சபையார், கிரேக்க மூலச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் காண்பதில் உலகறிந்த அறிஞர். அந்த ஆண்டே இளைஞர்களைப் பேராலயத்துக்கு அழைத்து, மாதம் ஒரு மாலை, ஒரு வேதப் பகுதியைக் கையில் கொடுத்தார். பகுதி என்ன சொல்கிறது என்று விளக்குவார். எனக்கு என்ன சொல்கிறது என்று கேட்க வைப்பார். பிறகு நீண்ட மௌனம். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வந்தார்கள். அவர்கள் அமர்ந்திருந்த பேராலயத்தின் கீழேதான் 387இல் அம்புரோஸ் அகுஸ்தினாருக்குத் திருமுழுக்குக் கொடுத்த தொட்டியின் சிதிலங்கள் இருக்கின்றன. மார்த்தினி செய்ததில் நான் மிகவும் மதிப்பது, அவர் படிப்பையும் ஜெபத்தையும் பிரிக்க மறுத்ததை. சுவடி ஆய்வாளரே ஜெப ஆசிரியராகவும் நின்றார். 2010இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் எழுதிய ‘வெர்பும் தோமினி’ என்ற ஊக்கவுரை கிகோவின் நான்கு படிகளையும் எடுத்துச் சொல்லி, செயலில் போய்ச் சேரும் வரை இந்த வாசிப்பு முடிவதில்லை என்று ஐந்தாவது ஒன்றையும் சேர்த்தது.

இப்போது நம் கையில் என்ன இருக்கிறது? 2008இல் வந்த யூவெர்ஷன் செயலி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வேதத்தை இலவசமாகத் தருகிறது. இறைவாசிப்புக்கென்றே ‘லெக்சியோ 365’ போன்ற செயலிகள் இருக்கின்றன. பார்வையற்றவரும் எழுத்தறியாதவரும் ஒலி வேதாகமத்தைக் கேட்கிறார்கள்; வளைகுடாவில் இரவு வேலை முடிந்து திரும்பும் தமிழர் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு யோவான் நற்செய்தி கேட்க முடிகிறது. லான்ஃபிராங்கின் துறவிகள் கனவிலும் காணாத வாய்ப்பு. இதை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனால் விடிந்ததும் வாட்ஸ்அப்பில் வந்து விழும் ‘இன்றைய வசனம்’ படங்களையும் பார்க்கிறேன். ரோஜாப்பூவும் சூரிய உதயமும் பின்னணியில். நடுவில் ஒரே ஒரு வசனம். எங்கிருந்து எடுத்தது, யார் யாருக்குச் சொன்னது என்பது இருக்காது. வாசித்த கையோடு பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். நம்மிடம் அது ஐந்து விநாடிகூடத் தங்குவதில்லை. பல வீடுகளில் குடும்ப ஜெபம் ஞாயிறுக்கு ஒதுங்கிவிட்டது. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு திரை. வேதம் வாசிப்பவர் குறையவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் வீட்டில் வேதம் வாசிக்கும் குரல் கேட்பதில்லை.

வேகமாக வாசித்தால் எது தப்பிப் போகிறது என்று ஒரு பகுதியை வைத்தே சொல்லிவிடுகிறேன். மாற்கு 10ஆம் அதிகாரத்தின் கடைசி ஏழு வசனங்கள். எரிகோவின் வழியோரத்தில் பிச்சையெடுக்கும் பார்வையற்ற பர்திமேயு. அட்டவணைப்படி ஓடுகிறவருக்கு இது இன்னொரு குணமளித்தல். இருபது விநாடியில் முடிந்துவிடும். வாய்விட்டு இரண்டு முறை வாசித்துப் பாருங்கள். கூட்டம் அவனை அதட்டுகிற இடத்தில் குரல் தானாக நிற்கும். இயேசுவைப் பின்தொடர்கிறவர்களே அவன் வாயை அடைக்கிறார்கள். அடுத்து, இயேசு நிற்கிறார். எருசலேமுக்கு, சாவுக்கு, உறுதியோடு நடந்து போகிறவரை ஒரு பிச்சைக்காரனின் கூச்சல் நிறுத்துகிறது. மூன்றாம் முறை வாசிக்கும்போது மேலுடை கண்ணில் படும். அவன் அதை எறிந்துவிட்டுத் துள்ளி எழுகிறான். மத்தேயுவும் லூக்காவும் இந்த நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். மேலுடையைச் சொன்னவர் மாற்கு ஒருவர்தான். ஏழையின் மேலுடையை அடகு வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு, இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறில்லை என்று யாத்திராகமம் 22 கட்டளையிடுகிறது. பெனடிக்டின் துறவிக்கு இது தானாக நினைவில் எழுந்திருக்கும். அவனுக்கிருந்த ஒரே சொத்து அது; பார்வை கிடைக்கும் முன்பே அதை எறிந்துவிட்டான். திரும்பி வந்து தேடினால் கண்ணில்லாதவனுக்கு அது கிடைக்குமா?

இன்னும் ஒரு நாள் அங்கேயே இருந்தால் சற்று முந்தைய பத்தி நினைவுக்கு வரும். நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்ற பொருளில் பர்திமேயுவிடம் இயேசு கேட்கும் கேள்வியை, சற்று முன்புதான் யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டிருந்தார். அவர்கள் வலப்புறமும் இடப்புறமும் ஆசனம் கேட்டார்கள். இவன் பார்வை கேட்டான். அதே கேள்வி இப்போது வாசிக்கிறவர் முன்னால் வந்து நிற்கிறது. நான் எதைக் கேட்பேன்? இந்த இடத்தில் வாசிப்பு ஜெபமாகிவிடுகிறது. யாரும் படிகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

கிகோவின் இரண்டாவது எச்சரிக்கைக்கு வருகிறேன். மெதுவான வாசிப்பு புத்துயிர் பெற்ற இடங்களில் ஓர் ஆபத்தும் கூடவே வந்திருக்கிறது. மனதில் எழுந்த எதையும் கடவுள் எனக்குச் சொன்னார் என்று எடுத்துக்கொள்வது. புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த வசனத்தை, அது சிறைப்பட்ட ஒரு மக்களுக்குச் சொல்லப்பட்டது என்பதையே மறந்து, தன் வீட்டு மனைக்கும் மகனின் விசாவுக்கும் கிடைத்த உத்தரவாதமாக வாசிப்பவர்களை நான் அறிவேன். அவர்களுடைய நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் அது வாசிப்பு ஆகாது. முன்பின் பத்திகளைப் பார்க்காமல் தியானிப்பவர் தன் விருப்பத்தையே தியானிக்கிறார். இதற்கு மருந்து கூட இருக்கும் மனிதர்கள்தான். நான் தவறாக எடுத்துக்கொண்டால், பாயில் எதிரே உட்கார்ந்திருப்பவர் இல்லை, அங்கே அப்படிச் சொல்லவில்லையே என்று சொல்வார். செயலி அதைச் சொல்லாது.

ஆகவே குருவானவர்களிடமும் போதகர்களிடமும் ஒரு வேண்டுகோள். வாசகத்துக்குப் பின் சற்று மௌனம் வேண்டும் என்று திருப்பலி நூலின் விதிமுறையே கேட்கிறது. பல பங்குகளில் வாசகர் இறங்கும் முன்பே பாடகர் குழு தொடங்கிவிடுகிறது. ஒரு நிமிடம் விடுங்கள். வாசகத்தைப் பத்து நாளுக்கு முன்பே வாசிப்பவர் கையில் கொடுங்கள். வீட்டில் அவர் அதை வாய்விட்டுப் பழகட்டும். செயலிகளைத் தமிழில் ஆக்குகிறவர்கள் எத்தனை நாள், எத்தனை அதிகாரம் என்ற கணக்கைத் தள்ளி வைத்து, ஒரே பகுதியை ஒரு வாரம் திரும்பத் தரும் வசதியைச் செய்து கொடுங்கள்.

வாசகர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. அட்டவணையை விட வேண்டாம். அது தன் வழியில் நடக்கட்டும். அதோடு, வீட்டில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியூரில் தனியாக இருந்தால் தொலைபேசியில் அம்மாவையோ நண்பரையோ அழையுங்கள். பத்து வசனத்துக்கு மேல் வேண்டாம். நேரம் ஒன்றைக் குறித்து, ஒருவர் வாசிக்க மற்றவர் கேளுங்கள். பிறகு மற்றவர் வாசிக்கட்டும். எந்தச் சொல் பிடித்து நிறுத்தியது என்பதை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். திங்களன்று வாசித்த பகுதியையே சனிக்கிழமை வரை வாசியுங்கள்.